கரும்புகை சொன்ன செய்தி

மும்பையில் எங்கள் இல்லத்தில், தந்தையார் விட்டுச்சென்ற பழைய கார் ஒன்று உண்டு. கார்புரேட்டர் பொருந்திய வண்டி. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடிவந்த அது, சென்ற ஆண்டு 8-க்கு இறங்கிவிட்டது. புகைக்குழாயில் கரும்புகை, வண்டிக்குள் பெட்ரோல் நெடி. பின்னிருக்கையில் அமரும் அன்னையார், தலை வலிக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். வண்டியைப் பார்த்த ஒருவர், "எஞ்சினையே பிரித்துக் கட்ட வேண்டும்" என்றார். அவர் கேட்ட தொகையோ, கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊர் சென்றுவர நாங்கள் சேர்த்துவைத்தது.

நோயாளியை அறுவை மேடையில் கிடத்துமுன் நாடி பார்ப்பது முறையன்றோ? முதிய மிஸ்திரி ஒருவரை அழைத்து, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றச் செய்தோம். விளக்குக் கண்ணாடியில் படிவது போன்ற உலர்ந்த கரி, நான்கிலும் ஒரே அளவாகப் படிந்திருந்தது. எண்ணெய் எரிந்தால் புகை நீலமாயும் பிளக் ஈரப் பிசுக்காயும் இருக்கும். ஆகவே குற்றம் சிலிண்டர்களில் இல்லை, அவை அனைத்துக்கும் பெட்ரோலைக் கலந்தூட்டும் இடத்தில் என்பது தெளிவாயிற்று.

ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய, எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தாலும் பெட்ரோல் மிகுந்தாலும் கரியே மிஞ்சும். செலவில்லாத சோதனைகளை முதலில் செய்தோம். காற்று வடிகட்டி தூய்மையாக இருந்தது. சோக் கம்பியைத் தள்ளியதும் அதன் தகடு முழுதும் திறந்தது. பின்னரே கார்புரேட்டரின் மூடியைக் கழற்றினோம். மிதவையைக் காதருகே குலுக்கினோம். உள்ளே பெட்ரோல் புகுந்த ஓசை இல்லை. ஆனால், மிதவை உயரும்போது பெட்ரோல் வரும் வழியை அடைக்க வேண்டிய ஊசி வால்வின் முனை தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. அவ்வழியே கசிந்த பெட்ரோல், கிண்ணத்தின் மட்டத்தை உயர்த்தி, வேண்டியதினும் மிகுதியாக எஞ்சினுக்குச் சென்றிருக்கிறது.

சிறிய அந்த வால்வை மாற்றினோம். பிளக்குகளைத் துடைத்து, எஞ்சின் சூடேறியபின் கலவைத் திருகைச் சீராக்கினோம். எண்ணெய்க் கோலிலும் பெட்ரோல் மணம் வீசியதால் எஞ்சின் எண்ணெயையும் மாற்றினோம். பெட்ரோல் கலந்து நீர்த்த எண்ணெய் தேய்மானத்தைத் தடுக்காது. வண்டி மீண்டும் 12 கிலோமீட்டர் தருகிறது. புகைச் சோதனையிலும் தேறிற்று. அன்னையாரின் தலைவலி நின்றது. கோடையில் ஊருக்கும் சென்றுவந்தோம்.

கார்புரேட்டர் இல்லாத இக்கால வண்டி வைத்திருக்கும் அன்பர்களும், காற்று வடிகட்டி, ஆக்சிஜன் சென்சார், இன்ஜெக்டர் ஆகியவற்றைப் பார்க்கச் செய்த பின்னரே எஞ்சினைப் பிரிக்க இசைவு தருக. மற்றொன்றும் நினைவிற் கொள்க: அரைகுறையாய் எரியும் பெட்ரோலிலிருந்து கார்பன் மோனாக்சைடு பெருகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை, உயிரையே கொள்ளும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுதல் ஒருபோதும் ஆகாது.