தராசுத் தட்டில் ஆள்

எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது ஒரு ரென்னிஸ் பந்தோடு சேர்த்து நான் மாற்றிக் கொடுக்கப்பட்டேன்.

எங்கள் ஊர் மைதானத்தில் மாலை வேளைகளில் எல்லே ஆடும் குழுக்கள் இரண்டு இருந்தன. எதிர்க்குழுவில், பந்தைப் பனைவடலிகளுக்கு அப்பால் அடிக்கவல்ல நெட்டையன் ஒருவன் இருந்தான். அவனைப் பெற விரும்பிய எமது குழுத் தலைவர், ஈடாக என்னையும் புதுப் பந்தொன்றையும் கொடுத்தார். அன்று மாலையே நெட்டையனின் அடியால் என் புதிய குழு தோற்றது. “பந்துக்காகத்தான் இவனை எடுத்தனாங்கள்” என்று புதிய தலைவர் கூற, அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஏன் இன்றுவரை மனத்தில் தைத்து நிற்கிறது என்பதை, சென்ற விடுமுறையில் அமெரிக்கப் பேஸ்போல் விளையாட்டின் வரலாற்றை வாசித்தபோதுதான் உணர்ந்தேன்.

எல்லேயை அறிந்த எம்மவர்க்குப் பேஸ்போல் முற்றிலும் அந்நியமானதன்று. அங்கும் ஒருவர் பந்தெறிகிறார். மற்றொருவர் அதை அடித்துவிட்டுத் தளங்களைச் சுற்றி ஓடுகிறார். அங்குள்ள தொழில்முறைக் கழகங்கள் தம் ஆட்டக்காரரைத் தமக்குள் விற்பதும் மாற்றிக்கொள்வதும் நெடுநாள் வழக்கம். அவற்றுள் ஒரு தட்டு மண்ணைத் தொட, மறு தட்டு வானுக்கு உயர்ந்த மாற்றங்களை இரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி மகிழ்கின்றனர்.

அவற்றுள் முதலாவதாகக் கூறப்படுவது உண்மையில் மாற்றமன்று, விற்பனையே. 1919ஆம் ஆண்டின் இறுதியில் பொஸ்ரன் றெட் சொக்ஸ் கழகத்தின் உரிமையாளரும் நாடகத் தயாரிப்பாளருமான ஹரி பிறசீ, பேப் றூத் என்னும் ஆட்டக்காரரை நியூயோர்க் யாங்கீஸ் கழகத்துக்கு 100,000 டொலருக்கு விற்றார். 300,000 டொலர் கடனும் பெற்றார். அதுவரை ஒரு முறையேனும் உலகத் தொடரை வென்றிராத யாங்கீஸ், 1923இல் முதன்முறையாகவும் 2009இல் இருபத்தேழாவது முறையாகவும் அதனை வென்றது. 1918இல் வென்றிருந்த பொஸ்ரனோ மறுமுறை வெல்வதற்கு 2004 வரை, எண்பத்தாறு ஆண்டுகள் காத்திருந்தது.

என்னை அதிகம் வருத்தியது மற்றொரு கதை. 1964 யூன் 15ஆம் நாள் சிக்காகோ கப்ஸ் கழகம் லூ புறொக் என்னும் இளைஞரைச் சென் லூயிஸ் கார்டினல்ஸ் கழகத்துக்கு அனுப்பி, ஏர்ணி புறோலியோ என்னும் பந்தெறிவாளரைப் பெற்றது. இருபுறமும் வேறு இருவர் துணையாகச் சென்றனர். அன்று பலரும் சிக்காகோவே இலாபமடைந்ததெனக் கருதினர். அது பேதைமையன்று, புறோலியோ முன்னைய ஆண்டில் 18 ஆட்டங்களை வென்றவர். புறொக்கோ அப்பருவத்தில் ஆயிரத்துக்கு 251 என்ற விகிதத்திலேயே அடித்துக்கொண்டிருந்தார். சென் லூயிஸ் சென்றதும் அவ்விகிதம் 348 ஆயிற்று. அவ்வாண்டே கார்டினல்ஸ் உலகத் தொடரை வென்றது. புறொக் ஓய்வுபெற்றபோது 3,023 அடிகளும், எதிரணியை ஏய்த்துக் கைப்பற்றிய 938 தளங்களும் அவர் கணக்கில் இருந்தன. முழங்கை நோயுற்ற புறோலியோ சிக்காகோவுக்காக 7 ஆட்டங்களை வென்று 19இல் தோற்று, 1966உடன் பெருங்கழகங்களிலிருந்து மறைந்தார்.

முன்னர் 1960இல் 21 ஆட்டங்களை வென்றவரும் இதே புறோலியோதான். ஆயினும் 2019இல் அவர் இறக்கும்வரை உலகம் அவரை நினைவுகூர்ந்தது புறொக்குக்கு ஈடாக வந்தவர் என்றே. அவர் எவரையும் ஏமாற்றவில்லை. தம்மை மாற்றும்படி கேட்கவுமில்லை. ஆயினும் பேரம் பேசியவர்களின் பிழையைத் தம் பெயரில் சுமந்து வாழ்ந்தவர் அவரே.

எடை என்பது நிறுக்கும் நாளைப் பொறுத்தது என்பதற்கும் சான்றுண்டு. 1987 ஓகஸ்ற் 12ஆம் நாள் டெற்றோயிற் ரைகேர்ஸ் கழகம், 36 வயதான டொயில் அலெக்சாந்தரைப் பெறுவதற்காக ஜோன் ஸ்மோல்ற்ஸ் என்னும் இருபது வயது இளைஞரை அற்லாண்டாவுக்குக் கொடுத்தது. அலெக்சாந்தர் ஒன்பது ஆட்டங்களை வென்றார்; பருவம் முடியும்வரை ஒன்றிலேனும் தோற்கவில்லை. டெற்றோயிற் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. அவ்வாண்டு ஒக்ரோபரில் நிறுத்திருந்தால் அது சிறந்த பேரம். ஸ்மோல்ற்ஸ் 213 ஆட்டங்களை வென்று, 2015இல் விளையாட்டின் புகழ் மண்டபத்துள் நுழைந்தபின் நிறுத்தால் அது பெருநட்டம்.

இவ்வாறு நட்டத்தையும் இலாபத்தையும் எண்ணிக்கொண்டிருந்த என்னை நிறுத்தியவர் கேர்ட் பிளட். 1964இல் புறொக்கோடு ஒரே குழுவில் நடுக்களத்தைக் காத்தவர் அவர். பன்னிரண்டு பருவங்கள் சென் லூயிசுக்கு ஆடிய அவரை, 1969 ஒக்ரோபரில் கழகம் பிலடெல்பியாவுக்கு மாற்றியது. அக்கால ஒப்பந்தங்களில், தவணை முடிந்தபின்னும் ஆட்டக்காரரைக் கழகத்தோடு கட்டிவைக்கும் விதியொன்று இருந்தது. போவதா, விளையாட்டையே விடுவதா என்ற இரண்டே வழிகள். ஆண்டுக்கு 90,000 டொலர் ஊதியம் பெற்ற பிளட், தாம் விருப்பத்தைக் கேளாது வாங்கி விற்கும் உடைமையல்லர் என விளையாட்டின் ஆணையாளர் போவி கூனுக்கு 1969 டிசெம்பர் 24இல் எழுதினார். பின்னர் நீதிமன்றம் சென்றார். அடிமைச் சந்தையின் நினைவு அறாத நாட்டில் ஒரு கறுப்பினத்தவர் இவ்வாறு எழுதியதன் பாரத்தை விளக்க வேண்டியதில்லை. அவர் வர மறுத்ததும் ஏறிய தட்டைச் சமன்செய்ய, சென் லூயிஸ் வேறோர் இளைஞரைப் பிலடெல்பியாவுக்கு அனுப்பியது. தராசின் நியாயம் அத்தகையது!

1972இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் பிளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குள் அவரது விளையாட்டு வாழ்வும் முடிந்துவிட்டது. எனினும் 1973இல், பத்தாண்டுகள் பெருங்கழகங்களில் ஆடி, அவற்றுள் இறுதி ஐந்தையும் ஒரே கழகத்தில் கழித்தவர் தம் மாற்றத்தை மறுக்கலாம் என்ற விதி பிறந்தது. 1975 டிசெம்பரில் நடுவர் ஒருவரின் தீர்ப்பால் அந்தப் பழைய கட்டும் அவிழ்ந்தது. பிளட் நட்ட மரத்தின் கனியைப் பிறரே உண்டனர்.

சமனற்ற மாற்றங்களைப் பற்றிச் சிரிக்கும்போது, சமனாக இருந்திருந்தால் குறையேதுமில்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். றூத்துக்கு நிகரான ஒருவரைப் பொஸ்ரன் பெற்றிருப்பினும், புறோலியோவின் முழங்கை நலமாக இருந்திருப்பினும், பிளட் கேட்ட கேள்வி அப்படியே நின்றிருக்கும். அவர் தமது விலை குறைந்ததென முறையிடவில்லை. தம்மைக் கேட்கவில்லையே என்றுதான் முறையிட்டார்.

நெட்டையனுக்கு நான் நிகரல்லன் என்பது அன்றே எனக்குத் தெரியும். அதில் இன்றும் வருத்தமில்லை. அன்று அந்த இரு தலைவர்களுள் ஒருவரேனும் என் பக்கம் திரும்பி, “தம்பி, போறியோ?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தப் பந்துகூட இல்லாமல் நான் போயிருப்பேன்.