விளையாட்டுக் களத்திற்கு ஒரு விண்ணப்பம்

திருவள்ளுவர் தம் நூலில் 'இரவு' என்னும் அதிகாரத்தை 106ஆவதாகவும், 'இரவச்சம்' என்பதனை 107ஆவதாகவும் அடுத்தடுத்து அமைத்துள்ளார். தக்காரைக் காணின் கேட்கலாம் என்பது முன்னதன் கருத்து. உவந்து கொடுப்பாரிடத்தும் கேளாதிருத்தலே நன்று என்பது பின்னதன் கருத்து. எங்கள் ஊர் இளைஞர் விளையாட ஓர் இடம் வேண்டிப் பொருளுதவி கேட்கப் புகுந்தபோது, இவ்விரண்டும் என் நினைவைவிட்டு அகலவில்லை. பலர் நன்மைக்காக எழுதப்பெறும் விண்ணப்பமும் இரத்தலின்பாற் படுமோ? இதனையே ஈண்டுச் சிறிது ஆராயக் கருதுகின்றேன்.

எங்கள் ஊரார் விரும்பும் ஆட்டம் வாலிபால் எனப்படும் கைப்பந்து. 1895ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஹோலியோக் நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைச் சார்ந்த வில்லியம் மார்கன் என்பவர் இதனை வகுத்தனர். அச்சங்கத்தின் ஊழியராய் இந்நாடு போந்த ஹாரி குரோ பக் என்பவர், 1920ஆம் ஆண்டில் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவி, பள்ளிதோறும் விளையாட்டாசிரியர் செல்ல வழிசெய்தார். இவ்வாட்டத்திற்கு வேண்டும் பொருளும் சிறிதே. களம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உடையது. சுற்றிலும் 3 மீட்டர் விட்டாலும் ஏறத்தாழ ஒன்பது சென்ட் நிலம் போதும். இரண்டு கம்பங்களும் ஒரு வலையும் ஒரு பந்தும் இருப்பின் பன்னிருவர் ஆடலாம். ஆயினும் அவ்வொன்பது சென்ட் நிலமே எங்களுக்கு இல்லாதிருந்தது.

முதற்கண் ஒரு பெரிய வணிக நிறுவனத்திற்கு எழுதினோம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவிற்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூக நலத்திற்குச் செலவிடல் வேண்டும் என விதிக்கின்றது. அதன் ஏழாம் அட்டவணையில் கிராமிய விளையாட்டுப் பயிற்சியும் இடம்பெற்றுளது. ஆனால், 2021ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற விதிகளின்படி, இத்தகைய பணத்தைப் பெற்றுப் பணிசெய்யும் சங்கம் முறையாகப் பதிவுபெற்றதாகவும், மூன்றாண்டுப் பணி ஆற்றியதாகவும் இருத்தல் வேண்டும். எங்கள் இளைஞர் குழுவிற்கோ பெயர்ப்பலகை ஒன்றைத் தவிர வேறு பதிவு இல்லை! நிறுவனத்தார் இரண்டே வரிகளில் மறுத்துவிட்டனர். எழுவர் கூடினால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்யலாம் என்பதை அதன் பின்னரே விசாரித்தறிந்தோம்.

பின்னர் எங்கள் கவனம் 'நமக்கு நாமே' திட்டத்தின்பாற் சென்றது. 1997-98ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கி, இடையில் நின்று, 2021-22ஆம் ஆண்டில் மீண்டும் உயிர்ப்பித்த திட்டம் இது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையேனும் ஊரார் தாமே தருதல் வேண்டும். எஞ்சியதை அரசு தரும். இவ்விதியைக் கேட்டதும் சிலர் முகஞ்சுளித்தனர். "உதவி கேட்கப் போனவிடத்தில் நம்மிடமே பணம் கேட்கின்றார்களே!" என்றார் ஒரு பெரியவர். ஆனால், அவ்விதியே எங்களுக்கு நன்மையாய் முடிந்தது.

தமிழ் படிப்பவன் என்பதனால் விண்ணப்பம் எழுதும் பணி என்னிடம் வந்தது. 'இடம் யாருக்கு உரியது?' என்பது முதற் கேள்வி. கோயில் வளாகத்திலேயே களம் அமைத்துவிடலாம் என்று சபையார் பலர் கூறினர். எங்கள் குருவானவர் அதற்கு இசைந்திலர். "வளாகத்திற்குள் அமைத்தால் நம் தெருப் பிள்ளைகள் மட்டுமே ஆடுவார்கள்; கீழத்தெருப் பிள்ளைகள் மதிலுக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். அதற்கு அரசின் பணம் எதற்கு?" என்று வினவினார். எவரும் விடை கூறவில்லை. இரு தெருக்களுக்கும் இடையே சீமைக்கருவேல் அடர்ந்து கிடந்த புறம்போக்கு நிலம் அன்றே எல்லார் நினைவிற்கும் வந்தது. சாதியின் பெயரால் நெடுங்காலம் பிரிந்திருந்த தெருக்கள் அவை. இரு தெருவாரும் பஞ்சாயத்துத் தலைவரிடம் ஒருங்கு சென்றது, எனக்கு நினைவு தெரிந்த நாள்முதல் அதுவே முதன்முறை.

'பயன்பெறுவோர் எத்துணையர்?' என்பது அடுத்த கேள்வி. ஆடுகின்ற இளைஞரை மட்டும் எண்ணி ஒரு தொகையை எழுதிவிட நண்பர் சிலர் கருதினர். ஊர்ப்பங்கைத் திரட்ட வீடுவீடாகச் சென்றபோது, மகளிர் சுயஉதவிக் குழுவினர் தங்கள் பங்கைக் கையிற் கொடாமல் மேசைமேல் வைத்து, "தம்பி, எங்கள் பெண்பிள்ளைகள் எப்போது ஆடுவார்கள்? அதைச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்" என்றனர். அக்கேள்வி மதிப்பீட்டையே மாற்றியது. ஆடவர் ஆட்டத்திற்கு வலையின் உயரம் 2.43 மீட்டர், மகளிர் ஆட்டத்திற்கு 2.24 மீட்டர். முதலில் எழுதிய மதிப்பீட்டில் ஆடவர் உயரத்தில் மட்டும் கொக்கி பொருத்திய கம்பங்களே இருந்தன. உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் கம்பங்களுக்குச் செலவு சற்றே மிகும். மிகுந்த செலவின் பங்கையும் அம்மகளிரே ஏற்றனர். மாலை ஐந்து மணிமுதல் ஆறுமணி வரை களம் பெண்பிள்ளைகளுக்கே உரியது என்று கூட்டத்தில் முடிவாயிற்று. பயன்பெறுவோர் தொகை இருமடங்காயிற்று.

விண்ணப்பம் இப்பொழுது அலுவலகத்தில் உளது. உத்தரவு இன்னும் வந்திலது. ஆயினும் கருவேல் முட்கள் வெட்டப்பட்டுவிட்டன. நிலம் சமன் செய்யப்பட்டுள்ளது. மழைக்காலத்தில் வலையைக் கழற்றி வைப்பவர் யார், கிழிந்தால் தைப்பவர் யார் என்பதற்கும் இரு தெருவாரையும் சேர்த்து முறை வகுத்துவிட்டோம்.

இரப்பவனுக்குக் கொடுப்பவனிடம் உரிமையில்லை. அவன் கொடுத்ததைக் கொண்டு செல்வான். தன் பங்கை முன்வைத்துக் கேட்பவனோ, எங்கே, எவர்க்கு, எவ்வாறு என்று பேசும் உரிமையும் உடையன். மேசைமேற் பணம் வைத்த அம்மகளிரே இவ்வேறுபாட்டை எனக்கு உணர்த்தினர். எனவே பொதுநன்மைக்கு எழுதும் விண்ணப்பம் இரத்தல் அன்று என்றே துணிகின்றேன்.

நம் கல்லூரியில் பயிலும் நண்பர் பலரும் சிற்றூர்களினின்று வந்தவரே. விடுமுறையில் ஊர் செல்லுங்கால், அங்குள்ள இளைஞரோடு ஒரு மாலை அமர்ந்து, நிலத்தின் சர்வே எண், சங்கப் பதிவு, மதிப்பீடு ஆகிய மூன்றையும் விசாரித்தறிந்து ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பீர்களாக. 'பயன்பெறுவோர்' என்னும் இடத்தை நிரப்புமுன், எல்லாத் தெருக்களிலும் ஒருமுறை நடந்து வருவீர்களாக.