வெளிச்சப் பலகையின் சாவி

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள் பெரியோர். இந்த ஓராண்டில் அந்தப் பழமொழியோடு நானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். சுவர் இருந்து, சித்திரமும் இருந்து, அதன்மேல் வெளிச்சம் விழாவிட்டால் யாருக்கு என்ன பயன்? இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், தலைகுனிந்து நின்று தெரிந்துகொண்டேன்.

நம் பள்ளி மண்டபத்துப் படிகளில் ஏறியதும் இடப்பக்கச் சுவரில் இருக்கும் பலகையை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். எட்டு அடி நீளமுள்ள தேக்குமரச் சட்டம். முன்னால் இழுத்து மூடும் கண்ணாடிக் கதவுகள். அவற்றுக்கு ஒரு சிறு பூட்டு. உள்ளே மேற்புறத்தில் ஓர் இரும்புக் கம்பி, அதில் வரிசையாகக் கவ்விகள். படத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இரண்டு மெல்லிய மரச்சட்டங்களுக்கு நடுவே செருகிக் கவ்வியில் மாட்டினால், படம் சுருளாமல் நேராகத் தொங்கும். ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். மேலே ஒரு மரத்தட்டு முன்னோக்கி நீண்டிருக்கும். அதன் மறைவில் நான்கு அடி டியூப் லைட்டுகள் இரண்டு. விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாது. அதன் ஒளி மட்டும் படத்தின்மேல் விழும். மாணவியராகிய நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர் வெளிச்சப் பலகை.

சென்ற ஜூன் மாதம் அந்தப் பலகையின் சாவியைச் சிஸ்டர் என் கையில் கொடுத்தார்கள். எனக்கு ஏற்பட்ட பெருமையை எழுத்தில் சொல்ல முடியாது. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள், ஜூலை 15 காமராசர் பிறந்த நாள் என்று ஒவ்வொன்றுக்கும் படங்கள் வந்தன. எதை எங்கே மாட்டுவது என்பது என் பொறுப்பு. பலகையில் மூன்று படங்கள் மாட்டலாம். நடுவில் மாட்டும் படத்துக்கு இரண்டு விளக்குகளின் ஒளியும் கிடைக்கும். வலப்பக்க டியூப் லைட்டோ பழையது. முனைகள் கறுத்து, அவ்வப்போது கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் நான் முதல் வாரத்திலேயே கவனித்துவிட்டேன். கவனித்து என்ன செய்தேன்? சுற்றுச்சூழல் நாளுக்கு நான் வரைந்த மரத்தை நடுவில் மாட்டினேன். ஜூலை போய், ஆகஸ்டு போய், நவம்பர் வந்தும் அது நடுவிலேயே இருந்தது. மற்றவர்களின் படங்கள் இடமும் வலமும் வந்து போயின.

நவம்பர் 21 உலக மீன்வள நாள். அதற்காக "கடலும் நாமும்" என்னும் தலைப்பில் ஒரு போட்டி வைத்தார்கள். போர்டிங்கில் தங்கிப் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு முதல் பரிசு கிடைத்தது. அவள் தந்தை கடல் தொழில் செய்பவர். அவள் வரைந்திருந்தது இரவுக் கடல். தாள் முழுவதும் கருநீலம். நடுவே ஒரு சிறு படகு, அதில் ஒரே ஒரு விளக்கு, வலையை இழுக்கும் ஒரு மனிதர். பரிசு பெற்ற படமாயிற்றே, நடுவில் அல்லவா மாட்டியிருக்க வேண்டும்? நான் அதை வலப்பக்கம் மாட்டினேன். "அங்கே கொஞ்சம் இருட்டாக இருக்கேக்கா" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "இரவுக் காட்சிதானே, இருட்டாக இருந்தால்தான் அழகு" என்று நான் பதில் சொன்னேன். பதில் கெட்டிக்காரத்தனமாக இருப்பதாக அப்போது எண்ணினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை பாடற்குழுப் பயிற்சிக்காகப் பள்ளிக்கு வந்திருந்தேன். மழைக்காலமாதலால் ஆறு மணிக்கே நன்றாக இருட்டிவிட்டது. மண்டப வாசலில் அந்தப் பெண் தன் தந்தையுடன் நின்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊரில் கடலுக்குப் போக மாட்டார்களாம். அதனால் மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்து, மகள் பரிசு வாங்கிய படத்தைப் பார்க்க வந்திருக்கிறார். நான் ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டேன். இடப்பக்க விளக்கு எரிந்தது. வலப்பக்க விளக்கு இரண்டு முறை சிமிட்டிவிட்டு அணைந்துபோயிற்று. நடுவில் என் மரம் பளிச்சென்று தெரிந்தது. அவள் கடல் இருளில் கிடந்தது.

"எங்க பிள்ள இருக்கு?" என்று கேட்டார் அவர். அவள் கை நீட்டிக் காட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்த செல்போனை எடுத்து, அதன் விளக்கைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தார். அந்த ஒளி அப்படியே திரும்பி வந்து அவர் கண்ணில்தான் அடித்தது. கண்ணாடியில் தெரிந்தது அவருடைய முகமே தவிர படம் அன்று. பலகையைத் திறந்து படத்தை எடுத்துக் கொடுக்கலாம் என்றால், சாவி என் வீட்டில் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சிருங்கப்பா" என்றேன். "அதுக்கு நீ என்னம்மா செய்வ? பரவால்ல, படம் இங்கதான இருக்கு" என்று சொல்லி, கண்ணாடியை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் புறப்பட்டார். "அதுக்கு நீ என்னம்மா செய்வ?" என்ற அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. என்னால் செய்யக்கூடியது எத்தனையோ இருந்ததே!

திங்கட்கிழமை காலை சிஸ்டரிடம் நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். ஜூன் மாதத்திலிருந்து நடுவிடத்தை நானே வைத்துக்கொண்டிருந்ததையும் மறைக்கவில்லை. சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்றே நினைத்தேன். அவர்களோ, "விளக்கையும் மரக்காலையும் பற்றி மறைக்கல்வி வகுப்பில் நீ எத்தனை முறை கேட்டிருப்பாய்! பலகையை முதலில் சரிசெய், பிறகு பேசுவோம்" என்று மட்டும் சொன்னார்கள்.

அந்த வாரம் முழுவதும் மாலை மணி அடித்ததும் நானும் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணும் பலகையடியில்தான் இருந்தோம். மின்வேலை பார்க்கும் அண்ணனும் எங்கள் அறிவியல் ஆசிரியையும் துணைக்கு வந்தார்கள். நாள்தோறும் பார்த்தும் அறியாமல் இருந்த பலவற்றை அப்போது அறிந்தேன்.

முதலாவது, ஒளி வரும் திசை. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று மனப்பாடமாகச் சொல்பவள்தான் நான். ஆனால் அந்தப் பாடத்தைப் பலகையோடு சேர்த்துப் பார்த்ததில்லை. கண்ணாடிக்கு நேராக விளக்கைப் பிடித்தால் ஒளி நம் கண்ணுக்கே திரும்பும். மேலிருந்து சாய்வாக விழுந்தால், கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி தரையை நோக்கிப் போய்விடும். நாம் படத்தை மட்டும் பார்க்கலாம். சுவரிலுள்ள படங்களுக்கு, செங்குத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை சாய்வில் ஒளி விழும்படி அமைப்பது வழக்கமாம். இது அன்று நினைவுக்கு வந்திருந்தால், அந்தச் செல்போன் விளக்கையே தலைக்குமேல் உயர்த்திச் சாய்வாகப் பிடித்து அவருக்குப் படத்தைக் காட்டியிருப்பேன். படித்த பாடம் வேண்டிய நேரத்தில் கைகொடுக்கவில்லை என்றால் மதிப்பெண்ணால் என்ன பயன்?

இரண்டாவது, படத்தின் நிறம். வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். கருநீலம் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே இருண்ட படத்துக்குத்தான் வெளிச்சம் அதிகம் வேண்டும். "இருட்டாக இருந்தால்தான் அழகு" என்று நான் சொன்னது எத்தனை பெரிய தவறு!

மூன்றாவது, விளக்கு. பழைய டியூப் லைட்டில் பாதரச ஆவி இருக்கிறது. அதன் வழியே மின்சாரம் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் பிறக்கின்றன. குழாயின் உட்புறத்தில் பூசியிருக்கும் வெண்பொடி அவற்றை வாங்கி வெளிச்சமாக மாற்றித் தருகிறது. இப்போது அண்ணன் மாட்டியிருப்பது எல்.இ.டி. விளக்கு. முன்பு 40 வாட் செலவான இடத்தில் 20 வாட் போதுமாம். சிவப்பு, பச்சை எல்.இ.டி.க்கள் முன்பே வந்துவிட்டன. நல்ல நீலம் மட்டும் நெடுங்காலம் கைக்கு எட்டவில்லை. அதை உண்டாக்கிக் காட்டியதற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கு 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீல ஒளியின்மேல் மஞ்சள் ஒளி தரும் பொடியைப் பூசித்தான் இந்த வெள்ளை வெளிச்சத்தைப் பெறுகிறார்களாம்.

நான்காவது பாடத்தை என் மரமே எனக்குக் கற்பித்தது. பலகையைத் துடைப்பதற்காக அதைக் கழற்றினேன். மரச்சட்டத்துக்குள் மறைந்திருந்த விளிம்பில் நான் தீட்டிய ஊதா நிறம் புதிதாக இருந்தது. வெளியே இருந்த பகுதியோ வெளுத்துப்போயிருந்தது. ஐந்து மாதம் விளக்கொளியும் வாசல் வெளிச்சமும் பட்டதன் விளைவு அது! அருங்காட்சியகங்களில் தாளில் தீட்டிய நீர்வண்ண ஓவியங்களுக்கு 50 லக்ஸ் என்ற மங்கலான அளவில்தான் ஒளி தருவார்கள் என்றும், அவற்றையும் சில காலம் காட்டிவிட்டு இருட்டில் ஓய்வு கொடுத்து வைப்பார்கள் என்றும் ஆசிரியை சொன்னார்கள். ஒளி படத்தைக் காட்டும். ஓயாமல் பட்டால் படத்தை அழித்தும் விடும். எல்லாருக்கும் உரிய இடத்தை நான் ஒருத்தியே பிடித்துக்கொண்டேன். அந்த இடமே என் படத்தை வெளுக்க வைத்துவிட்டது.

இப்போது பலகையின் உட்புறத்துக்கு வெள்ளை வண்ணம் அடித்திருக்கிறோம். கீழே விழும் ஒளியும் சிதறிப் படத்துக்கு வந்து சேர்கிறது. கம்பியில் தொங்கும் சிறு நோட்டில் ஒவ்வொரு படத்தின் தேதியும் இருக்கும். எந்தப் படமும் ஒரு வாரம் நடுவில் இருந்துவிட்டு அடுத்ததற்கு இடம் விட வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் விளக்கை அணைத்துவிடுவோம். சாவியில் ஒன்று போர்டிங் சிஸ்டரிடம் எப்போதும் இருக்கும்.

பொங்கல் விடுமுறை முடிந்து நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு அந்தத் தந்தை மறுபடியும் வந்தார். இரவுக் கடலை அன்று நடுவில் மாட்டியிருந்தோம். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அந்தப் பெண் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அவர் சொன்னது பாராட்டு அன்று.

"எல்லாம் சரிதான் பிள்ள. விளக்க மட்டும் ரொம்ப கீழ போட்டுட்ட. வலை இழுக்குறவன் கண்ணுல வெளிச்சம் அடிச்சா அவனுக்குக் கடல் தெரியாதே. விளக்கு அவன் தலைக்கு மேல இருக்கணும்."

சொல்லிவிட்டுப் பலகையின் மேலே நீண்டிருக்கும் மரத்தட்டை நிமிர்ந்து பார்த்தார். "இந்தா, இது மாதிரி" என்றார். நாங்கள் ஒரு வாரம் பாடுபட்டுக் கற்றதை அவர் தம் படகிலேயே கற்றிருந்தார்! மகளோ சிரித்துக்கொண்டே, "அடுத்த படத்துல சரியாப் போடுறேன்பா" என்றாள்.

தோழியரே, இன்னும் சில நாட்களில் பொதுத் தேர்வு எழுதிவிட்டு நான் இப்பள்ளியிலிருந்து விடைபெறுவேன். வெளிச்சப் பலகையின் சாவி யாரிடம் போக வேண்டும் என்று சிஸ்டர் என்னைக் கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. இரவுக் கடலை வரைந்தவளின் பெயரைத்தான் சொன்னேன்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி