குற்றம் சென்சாருடையதா?

ஊத்துக்கோட்டை, பிச்சாட்டூர் வழியாகத் திருப்பதிக்குப் போகும் கார்கள் நாராயணவனத்தைக் கடந்துதான் புத்தூரில் நெடுஞ்சாலையைப் பிடிக்கின்றன. கல்யாண வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கும் ஊர் என்பதால் முகூர்த்த நாட்களில் வாடகை வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்தப் பக்கத்து மெக்கானிக்குகளின் வேலை கடந்த சில ஆண்டுகளில் வெகுவாக மாறிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்ற வாகனப் புகை விதி நடைமுறைக்கு வந்தது. 2023 ஏப்ரலில் வந்த அதன் இரண்டாம் கட்டம், புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளை வண்டி ஓடும்போதே கண்காணிக்கச் சொன்னது. அதனால் சென்சார்கள் பெருகின, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும் சந்தர்ப்பங்களும் பெருகின. கூடவே இன்னொரு மாற்றமும் நடந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் சின்ன புளூடூத் கருவியைச் செருகினால், அந்த விளக்கு எரியக் காரணமான கோளாறு எண், அதாவது கோட், என்னவென்று செல்போனிலேயே வண்டிக்காரர் பார்த்துவிடலாம். பார்த்தவர் அந்தக் கோட் குறிப்பிடும் சென்சாரை வாங்கி, வாசலில் வண்டியை நிறுத்தி, தானே மாற்றிவிடுகிறார்.

மாற்றுவதை நான் தவறென்று சொல்லவில்லை. பல சென்சார்கள் ஒரு ஸ்பானரில் கழன்றுவிடும். என் வாதம் வேறு: சென்சாரை மாற்றுவது இந்தத் தொழிலின் மிகச் சுலபமான பகுதி, அது கெட்டுவிட்டதா என்று நிரூபிப்பதுதான் தொழில். கோட் ஒரு பொருளைக் குற்றம் சாட்டுவதில்லை. ஒரு சர்க்யூட்டில் வரும் மின்னழுத்தம் எல்லையைத் தாண்டிவிட்டது என்று மட்டுமே சொல்கிறது. அந்த சர்க்யூட்டில் சென்சார் இருக்கிறது, கப்ளர் இருக்கிறது, ஒயர் இருக்கிறது, எர்த் இருக்கிறது, கடைசியில் என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரும் இருக்கிறது. பக்கத்திலேயே எலும்பு முறிவுக்குப் பெயர்பெற்ற புத்தூர் கட்டு வைத்தியரும் கட்டுப் போடுவதற்கு முன் விரலால் அழுத்தி முறிவு எங்கே என்று பார்க்கத்தான் செய்கிறார்.

கூலண்ட் டெம்பரேச்சர் சென்சாரையே எடுத்துக்கொள்வோம். இரண்டு ஒயர், உள்ளே ஒரு தெர்மிஸ்டர், அவ்வளவுதான். சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும். அறை வெப்பத்தில் இரண்டு மூன்று கிலோ ஓம் காட்டுவது, 80 டிகிரியில் சில நூறு ஓம்களுக்கு இறங்கிவிடும். பி0118 என்று கோட் வந்தால் அந்த ஒயரில் மின்னழுத்தம் அதிகம் என்று அர்த்தம். சென்சார் உள்ளே அறுந்திருந்தாலும் அதே கோட்தான், எலி ஒயரைக் கடித்திருந்தாலும் அதே கோட்தான். தெரிந்த மெக்கானிக் இங்கே என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். கப்ளரைக் கழற்றுகிறார். பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு சாவியை ஆன் செய்து, கப்ளரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு ஸ்கேனரைப் பார்க்கிறார். கழற்றியபோது மைனஸ் 40 டிகிரி காட்டிய திரை, இணைத்ததும் 130 டிகிரிக்கு மேல் ஏறினால், ஒயரும் கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கின்றன, குற்றம் சென்சாருடையது. திரை மைனஸ் 40-ஐ விட்டு நகரவில்லையென்றால், புதிய சென்சார் எத்தனை வாங்கிப் போட்டாலும் விளக்கு அணையாது. இந்த இரண்டு நிமிடச் சோதனையைத்தான் நான் கைத்திறன் என்கிறேன். ஆனால் கூலிக் கணக்கில் இதற்கென்று ஒரு வரி கிடையாது. வாடிக்கையாளர் பொருளுக்குக் காசு கொடுப்பார், சோதித்ததற்குக் கொடுக்கத் தயங்குவார். மெக்கானிக்கையும் பொருளை மாற்றும் பக்கம் தள்ளுவது இந்தத் தயக்கம்தான்.

மெக்கானிக்குகளே மாற்றி மாற்றித்தானே பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஓடும் வண்டி ஒன்றிலிருந்து நல்ல சென்சாரைக் கழற்றிப் போட்டுப் பார்ப்பதும் ஒரு சோதனைதான்; அதற்குச் செலவில்லை. வண்டிக்காரர் புதிதாக வாங்கிப் போட்டுப் பார்க்கிறார். எலக்ட்ரிகல் சாமானைக் கடைக்காரர் பெரும்பாலும் திருப்பி வாங்கமாட்டார். விலை குறைவு என்று டூப்ளிகேட் வாங்கியிருந்தால் இன்னும் மோசம்: பழையது நல்லது, புதியது கோளாறு என்ற நிலை வந்து, தேடும் இடமே தப்பாகிவிடும்.

ஆக்ஸிஜன் சென்சாரில் இந்தத் தவறு மிகவும் விலை கூடியது. பி0171 என்ற கோட், கலவையில் பெட்ரோல் குறைவு என்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே ஆக்ஸிஜன் சென்சார்தான். வேக்யூம் ஹோஸ் ஒன்று வெடித்துக் காற்று உள்ளே புகுந்திருக்கலாம், பெட்ரோல் பம்ப்பின் அழுத்தம் குறைந்திருக்கலாம். உண்மையைச் சொன்ன சென்சாரைச் சந்தேகித்துக் கழற்றி எறிந்தால், சில ஆயிரம் ரூபாயும் போகும், புகைக் குழாயில் துருப்பிடித்து இறுகிய மரையும் கெடும்.

இதெல்லாம் கம்பெனி சர்வீஸ் சென்டர் வேலை, வெளியே கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்பது அடுத்த ஆட்சேபம். வாரண்டி காலத்தில் இருக்கும் புது வண்டிக்கு அங்கே போவதே சரி. ஆனால் அந்தக் காலம் முடிந்த வண்டிகள்தான் இந்தச் சாலையில் நிறைய ஓடுகின்றன. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் கோளாறு பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தது, வெளியே வேலை பார்த்தால் வாரண்டி ரத்து என்றது எல்லாம் அந்த வழக்கில் பேசப்பட்டன. அபராதத்தை எதிர்த்து மேல்முறையீடுகள் நடந்தன. ஆனால் ஆணையம் எழுப்பிய கேள்வி, சிறிய ஊர் மெக்கானிக்கின் அன்றாடக் கேள்வி. ஸ்கேனர் அவரிடம் இருக்கிறது. எந்த நிற ஒயர் எந்தப் பின்னுக்குப் போகிறது என்ற ஒயரிங் படம் இல்லை. படம் இல்லாதவர் ஊகிக்கிறார், அந்த ஊகத்துக்கான பில் வண்டிக்காரர் தலையில் விழுகிறது.

ஆகவே வீட்டிலேயே மாற்ற விரும்புபவர் முதலில் வாங்க வேண்டியது சென்சாரல்ல, ஒரு மல்டிமீட்டர். குற்றம் கூலண்ட் சென்சாருடையது என்று உறுதியானால் என்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, புதிய சென்சாரை வாஷரோடு கையில் தயாராக வைத்துக்கொண்டு பழையதைத் திருக வேண்டும். கொஞ்சம் கூலண்ட் வழியும். புதியதை முதலில் விரலாலேயே ஏற்ற வேண்டும், ஸ்பானர் கடைசித் திருப்பத்துக்கு மட்டும். அலுமினிய மரை அதிக பலத்தைத் தாங்காது. குறைந்த கூலண்டை ஊற்றி, காற்றை வெளியேற்றி, கோட்-ஐ அழித்த பிறகு மறுநாள் காலை வண்டியை எடுப்பதற்கு முன் ஸ்கேனரைப் பார்க்கலாம். கூலண்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் மல்டிமீட்டரோடு மறுபடி கப்ளரில் இருந்து தொடங்க வேண்டும்.