கடைசி வாங்கிலிருந்து

வித்தியாதரிசி வருகிறார் என்ற செய்தி ஒரு காலத்தில் எமது பாடசாலைகளைக் கலங்கச் செய்தது. சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன, விடை தெரிந்த பிள்ளைகள் முன்வாங்குக்கு வந்தனர், தெரியாத பிள்ளைகள் கடைசி வாங்கில் மறைந்தனர். அந்த அச்சத்துக்குப் பொருளாதார வேர் ஒன்று உண்டு. 1862 இல் இங்கிலாந்திலே விதிக்கப்பட்ட சட்டக்கோவை, பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் அடையும் சித்திக்கேற்பவே பாடசாலைக்கு நன்கொடை வழங்கியது. 1870களில் அம்முறை இலங்கையின் உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்கும் வந்து சேர்ந்தது. 1851 முதல் 1886 வரை இங்கிலாந்திற் பாடசாலைப் பரிசோதகராயிருந்த கவிஞர் மத்தியூ ஆர்னல்ட், கற்பித்தலை அது இயந்திரமாக்குகிறதென்று கண்டித்தார். பரிசோதகரே பரிசோதனையைக் கண்டித்தமை சிந்தனைக்குரியது.

அம்முறை ஒழிந்தது, அது வளர்த்த மனப்பான்மை ஒழியவில்லை. வித்தியாதரிசியின் இடத்துக்கு ஆசிரிய ஆலோசகர் வந்துவிட்டார். எனினும் வகுப்பின் மூலையில் ஒருவர் படிவத்துடன் அமர்ந்தால், ஆசிரியரின் குரல் இன்றும் மாறுகிறது. தேயிலைத் தோட்டத்திற் கண்காணி கொழுந்தின் நிறையைப் பார்த்தான். கொய்த கையைப் பார்க்கவில்லை. கற்பித்தலைப் புள்ளியிட்டு நிறுப்பவரும் அதையே செய்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமப் பாடசாலையில், ஏழாந் தரத்துத் தமிழ்ப் பாடமொன்றை நாம் கடைசி வாங்கிலிருந்து அவதானித்தோம். நாற்பது நிமிடமும் நாம் எழுதியவை இரண்டே: ஆசிரியை கேட்ட கேள்வி, விடையளித்த பிள்ளை. 'நன்று', 'தீது' என்ற சொற்களுக்கு எமது தாளில் இடமிருக்கவில்லை. கேள்விகள் முப்பதைத் தாண்டின. விடைகளிற் பெரும்பாலானவை முன்வாங்கின் அதே நான்கு பிள்ளைகளிடமிருந்தே வந்தன. எமக்கருகில் இருந்த சிறுமி விடைகளை அயலாளின் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்; அவை சரியாகவும் இருந்தன.

பாடம் முடிந்தபின் அத்தாளை ஆசிரியையிடம் கொடுத்து, "ரீச்சர், இதிலே நீங்கள் காண்பது என்ன?" என்று மட்டும் கேட்டோம். அவர் நெடுநேரம் பார்த்தார். "கேள்வியைக் கேட்டிட்டு, பிள்ளையள் வாய் திறக்க முன்னம் நானே மறுமொழியையும் சொல்லிப்போடுறன், சேர்" என்றார். எமது பத்து அறிவுரைகளிலும் அவர் தாமே கண்ட இந்த ஒன்று பெரிது.

இது அவருக்கு மட்டுமுரிய பழக்கமன்று. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, விஞ்ஞான வகுப்புகளை ஆராய்ந்து 1970களில் வெளியிட்ட முடிவு இது: ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் ஏறத்தாழ ஒரு விநாடியே காத்திருக்கின்றனர், மூன்று விநாடி காத்தால் விடைகள் நீளுகின்றன, பின்தங்கியோரெனக் கருதப்பட்ட பிள்ளைகளும் பேசுகின்றனர். மொழி வகுப்பிலோ பிள்ளையின் பேச்சே பாடப்பொருள். 1945 இல் இலவசக் கல்வி ஏழையின் பிள்ளைக்கு வாயிலைத் திறந்தது. உள்ளே வந்த பிள்ளை வாய் திறவாமலே வெளியேறுமாயின், பெற்ற உரிமை பாதியே. அந்தப் பாதியை மீட்பதற்கு மூன்று விநாடிப் பொறுமை ஒரு தொடக்கம்.

ஆனால், தன் பொறுமையின்மையை ஆசிரியர் தாமாகக் காண்பது அரிது. பாடத்திட்டம் துரத்துகிறது, பரீட்சை அச்சுறுத்துகிறது, வகுப்பு நிரம்பி வழிகிறது. ஆகவே அவருக்கு இன்னொரு கண் வேண்டும். யப்பானிய ஆசிரியர்கள் ஒரு பாடத்தைக் கூடித் திட்டமிடுகின்றனர். ஒருவர் கற்பிக்க மற்றோர் பிள்ளைகளை அவதானிக்கின்றனர். பின்னர் கூடி விவாதிக்கின்றனர். அங்கே பாடம் அனைவருக்கும் உரியது. குறை கண்டால் திருத்தும் பொறுப்பும் அனைவருக்கும் உரியது.

எமது பாடசாலைகளில் இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு பாடவேளை ஆசிரியருக்கு ஓய்வாகக் கிடைத்து, அவர் சக ஆசிரியரின் வகுப்பிலே அமரட்டும். அவதானக் குறிப்பு பதவியுயர்வுக் கோவையைச் சேராது, கற்பித்தவரின் கையிலேயே தங்கட்டும். அவதானிக்க வருபவர், தாமும் கற்பித்துப் பிறர் அவதானிக்க இடந்தரட்டும். இவற்றை அதிகாரிகள் தாமாக வழங்குவரென்று காத்திராமல், ஆசிரியர் சங்கங்கள் கோரிக்கையாக்க வேண்டும். சம்பளத்துக்காகப் போராடும் உரிமை எவ்வளவு எமதோ, எமது தொழிலை நாமே கூடிச் செம்மையாக்கும் உரிமையும் அவ்வளவு எமதே.