விடை சொல்லாத அன்பு

எம் இல்லத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் யாரும் விடை சொல்வதில்லை. "அம்மா, இது பாவமா?" என்பதே அக்கேள்வி. நாள்தோறும் குடும்பச் செபமாலை சொல்லும் கத்தோலிக்க இல்லத்தில் இப்படியும் ஓர் ஏற்பாடா என்று வாசகர் வியக்கலாம். பதினான்கு வயதில் எங்கள் மகளைப் பற்றிக்கொண்ட நோயும் அதற்கான சிகிச்சையுமே எங்களை இந்த ஏற்பாட்டிற்குக் கொண்டு வந்தன. அவளுடைய இசைவோடுதான் இதனை எழுதுகிறேன். பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்றாள்.

ஒன்பதாம் வகுப்பில் அது தொடங்கியது. செபமாலையின் நடுவே மனம் சிறிது சிதறினாலும் முதல் மணியிலிருந்து மீண்டும் தொடங்குவாள். அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய செபம் இரண்டு மணி நேரம் நீண்டது. திருப்பலியில் நற்கருணை வாங்க வரிசையில் நின்றவள், ஏதோ ஒரு எண்ணம் மனத்தில் ஓடிவிட்டதென்று பாதியில் திரும்பி வந்துவிடுவாள். இரவு படுக்கும் முன் அதே கேள்வியை முப்பது முறை, நாற்பது முறை கேட்பாள். பாடநூலைத் திறக்க நேரமில்லை, உணவும் குறைந்தது. அயலாரோ அவளது பக்தியைப் புகழ்ந்தார்கள். காய்ச்சலுக்கு வெப்பம் உண்டு, மஞ்சள் காமாலைக்கு நிறம் உண்டு. இந்த நோயோ பக்தியின் ஆடையை உடுத்திக்கொண்டு வந்தது.

எங்கள் பங்குத்தந்தையிடம் சென்று, வீட்டில் கண்டவற்றைச் சொன்னேன். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்ட எதனையும் அவர் குறிப்பிடவில்லை, குறிப்பிடவும் மாட்டார். நான் சொன்னதை மட்டும் பொறுமையோடு கேட்டுவிட்டு, "அம்மா, இதற்கு இன்னும் அதிகமான செபம் மருந்தன்று. மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் சொல்வதற்கு நானும் துணை நிற்பேன்" என்றார்.

திருச்சபை இந்தத் துன்பத்தை நெடுங்காலமாக அறிந்தே இருக்கிறது என்பதையும் அவரே விளக்கினார். இலத்தீன் மொழியில் இதற்கு வழங்கும் 'ஸ்குரூபுலுஸ்' என்ற சொல்லுக்குக் கூரிய சிறு கல் என்பது பொருள். காலணிக்குள் புகுந்துகொண்ட பருக்கைக் கல்லை எண்ணிப் பாருங்கள். கல் சிறிதுதான், ஆனால் ஓரடிகூட நடக்க விடாது. புனித இஞ்ஞாசியார் 1522-ஆம் ஆண்டு மன்ரேசாவில் தங்கியிருந்தபோது இத்துன்பத்திற்கு ஆளானார். முன்பே அறிக்கையிட்ட பாவங்களை மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டும் அமைதி காணாமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனைக்கும் உள்ளானதாகத் தம் வரலாற்றைச் சொல்லுகையில் அவரே குறிப்பிட்டார். கடந்தகாலப் பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று உறுதி பூண்ட பின்னரே அவர் விடுதலை பெற்றார். புனித அல்போன்சு லிகோரியாரும் இதே துன்பத்தை அனுபவித்தவர்.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருத்துவர் இதனை எண்ணச் சுழற்சி நோய் என்றார். ஓ.சி.டி. என்று பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கை கழுவுவோரையும் பூட்டைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்போரையும் மட்டுமே நாம் அப்பெயரால் அறிவோம். ஆனால் ஒருவர் எதனை உயர்வாக மதிக்கிறாரோ அதனையே இந்நோய் பற்றிக்கொள்வதுண்டு. எங்கள் மகள் இறைவனை நேசித்தாள். நோய் அங்கே போய் அமர்ந்துகொண்டது.

உளவியல் ஆற்றுப்படுத்துநர் எங்களுக்கு விளக்கிய முறை இதுதான். வேண்டாத எண்ணம் எல்லா மனிதருக்கும் வருகிறது, போகிறது. இந்நோயில் அந்த எண்ணம் பெரும் அச்சத்தை எழுப்புகிறது. செபத்தை மீண்டும் தொடங்கினாலோ, "பாவமில்லை கண்ணு" என்று தாய் சொல்லக் கேட்டாலோ அச்சம் சற்றே தணிகிறது. ஆனால் அந்த ஆறுதல் சில நிமிடங்களே நிற்கும். மேலும், அச்சம் உண்மையானது, அதனைத் தணிக்க ஒவ்வொரு முறையும் ஆறுதல் வேண்டும் என்றே மூளை கற்றுக்கொள்கிறது. ஆகவே சிகிச்சை வேறு திசையில் செல்கிறது. அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு, வழக்கமான பரிகாரத்தைச் செய்யாமல் பொறுத்திருக்கப் பழக்குகிறார்கள். 1966-இல் இலண்டனில் விக்டர் மேயர் என்னும் உளவியலாளர் இவ்வழியில் இருவர் நலம் பெற்றதை வெளியிட்டார். 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 7 முதல் 17 வயது வரையுள்ள 112 சிறார்க்கு 12 வாரம் சிகிச்சை அளித்தபோது, பயிற்சியும் மருந்தும் இணைந்தே மிகுந்த பலன் தந்தன. எங்கள் மகளுக்கும் இரண்டும் வேண்டியிருந்தன.

எங்களுக்கென ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தார்கள்: "இது நோய் கேட்கும் கேள்வி, இதற்கு விடை சொல்ல மாட்டேன், ஆனால் உன் அருகிலேயே இருப்பேன்." இதனைச் சொல்வது எளிது என்று எண்ணாதீர்கள். முதல் வாரம் அவள் அழுதாள், கெஞ்சினாள். "ஒரே ஒரு தடவை சொல்லம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடை என் நாவின் நுனியில் இருந்தது. அதனைச் சொல்லாமல் அவளருகே தரையில் அமர்ந்திருந்தேன். முக்கால் மணி நேரத்திற்குப் பின் அவள் உடல் நடுக்கம் தானாகவே தணிந்தது. யாரும் ஆறுதல் சொல்லாமலேயே அச்சம் இறங்கும் என்பதை அன்று அவள் கண்டாள், நானும் கண்டேன்.

பங்குத்தந்தையும் தம் வாக்கைக் காத்தார். ஒரே குருவிடம், மாதம் ஒருமுறை, ஐந்து நிமிடத்திற்குள் ஒப்புரவு. சொன்னதைத் திரும்பச் சொல்லலாகாது என்று ஆற்றுப்படுத்துநரோடு கலந்து முடிவு செய்தார். மனம் சிதறிய செபத்தையும் ஆண்டவர் ஏற்கிறார் என்று ஒருமுறை சொன்னார். மறுமுறை சொல்ல மறுத்துவிட்டார்.

மூன்றாம் மாதத்தில் ஒரு மாலை, "நானே இல்லாமல் போய்விட்டால் பாவமும் இருக்காது அல்லவா?" என்றாள். விடை சொல்லாமை என்ற விதி இதற்குப் பொருந்தாது என்று முன்னரே அறிவுறுத்தியிருந்தார்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தைப் புதிதாக விதைத்துவிடாது. மறைத்து வைத்திருப்பதைச் சொல்ல வழி திறக்கும். அவள் ஆம் என்றாள். அன்றிரவே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். சில வாரங்கள் அவளைத் தனியே விடவில்லை. மாத்திரைகளை என் கணவர் தம் பொறுப்பில் பூட்டி வைத்தார். அந்த நாள்களைக் கடந்து வந்தோம் என்பதற்காக இன்றும் நன்றி செலுத்துகிறேன்.

உறவினர் சிலர் பேய் என்றனர். சிலர் படிப்பை நிறுத்தச் சொன்னார்கள். மாத்திரைக்கு அடிமையாகிவிடுவாள் என்று அஞ்சியோரும் உண்டு. இம்மாத்திரைகள் போதை தருவன அல்ல. பலன் தெரியவே பல வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. தொடக்க வாரங்களில் இளையோரைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். மருத்துவரை மதிக்கச் சொல்லும் சீராக் நூலின் 38-ஆம் அதிகாரத்தை என் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். அதன்பின் மருத்துவமனைக்கு அவரும் உடன்வரத் தொடங்கினார்.

அங்கே ஆலோசனை அறையின் கதவு சாத்தியிருக்கும். நாங்கள் வெளியே பெஞ்சில் அமர்ந்திருப்போம். உள்ளே என்ன பேசினாள் என்று இன்றுவரை கேட்டதில்லை. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். உயிருக்கு ஆபத்து என்றால் எங்களிடம் தெரிவிப்பார்கள் என்பது தொடக்கத்திலேயே அவளும் அறிந்த ஏற்பாடு. ஏனையவை அவளுக்கு உரியவை. பெற்றோர் நுழையாத ஓர் அறை பிள்ளைக்கு இருப்பது பெற்றோருக்கு இழப்பன்று.

இன்று அவள் பிளஸ் டூ படிக்கிறாள். நோய் முற்றிலும் அகன்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். தேர்வுக் காலத்தில் அது எட்டிப் பார்க்கிறது. ஆனால் இப்போது அதனை அடையாளம் கண்டு, "இது அந்தக் கல்தான்" என்று சொல்லிவிட்டு மேலே நடக்கிறாள்.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் பிள்ளையின் பக்தியிலோ, தூய்மையிலோ, மௌனத்திலோ துன்பம் மிகுந்திருப்பதாகத் தோன்றினால் தயங்காதீர்கள். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். நம் பிள்ளைகளின் எல்லாக் கேள்விகளுக்கும் நாமே விடையாக இருக்க வேண்டும் என்று ஆண்டவர் நம்மிடம் எதிர்பார்ப்பதில்லை. விடையறிந்தவரிடம் அழைத்துச் சென்று, அவர்கள் திரும்பி வரும்வரை வெளியே அமர்ந்திருப்பதும் பெற்றோரின் அழைத்தலே.