ரொட்டித் தகரத்துக்குள் இருந்த கணக்கு



மின்விலைப்பட்டியல் பற்றிப் பெற்றோர் சிலர் அண்மையில் என்னிடம் விவரம் கேட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறு கடைக்காரர்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது என் நினைவு 2015ஆம் ஆண்டுக்குச் சென்றுவிட்டது. அந்த ஆண்டில் நான் செய்த தவறு ஒன்று இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. அதைச் சொல்லத்தான் இப்பதிவு.

எங்கள் பள்ளிக்கு அருகில் ஒரு மளிகைக்கடை உண்டு. கடைக்காரரை நாங்கள் அனைவரும் 'அண்ணே' என்றுதான் அழைப்போம். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அவர் கடையில் 555 புத்தகம் இருந்தது. மாதச் சம்பளம் வரும்வரை அரிசியும் பருப்பும் அந்தச் சிறிய புத்தகத்தை நம்பித்தான் வீடு வந்து சேரும்.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நாட்டில் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி (ஜி.எஸ்.டி.) நடைமுறைக்கு வந்தது. அரிசி, சீனி, உப்பு, சமையல் எண்ணெய் போன்றவற்றுக்கு வரி விகிதம் சுழியம். சவர்க்காரம், பற்பசை முதலியவற்றுக்கு வரி உண்டு. ஓராண்டு விற்பனை ஐந்து இலட்சம் வெள்ளியைத் தாண்டும் வணிகர்கள் சுங்கத் துறையில் கட்டாயம் பதிய வேண்டும். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பதியாதவர் வாடிக்கையாளரிடம் அந்த வரியை வசூலிக்கக் கூடாது.

அந்த மாதத்தில் ஒருநாள் சவர்க்காரத் தூள் வாங்கச் சென்றேன். விலை ஏறியிருந்தது. சட்டம் தெரிந்தவன் என்ற நினைப்பில், நான்கு பேர் முன்னிலையில் கேட்டேன்: "அண்ணே, உங்களிடம் ஜி.எஸ்.டி. எண் இல்லையே. பிறகு எப்படி வரி போடுகிறீர்கள்?"

அவர் முகம் சுருங்கியது. "நான் வரி போடலைங்க சார். நான் வாங்குற விலையே ஏறிப்போச்சு," என்றார். அருகில் நின்ற ஒருவர், "எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் நான் செய்த தவறு.

சில வாரங்கள் கழிந்தன. அவருடைய மகள் ஆறாம் ஆண்டில் என் மாணவி. அது யு.பி.எஸ்.ஆர். தேர்வு எழுத வேண்டிய ஆண்டு. வீட்டுப்பாடத்தை ஒருநாளும் தவறவிடாத பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் எதையும் செய்யாமல் வந்தாள். நான்காம் நாள் வகுப்பிலேயே உறங்கிவிட்டாள். கண்டிக்கத்தான் அழைத்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அப்பாவுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன், சார்."

அன்று மாலை கடைக்குச் சென்றேன். கல்லாவுக்குப் பின்னால், பழைய ரொட்டித் தகரம் ஒன்றில் ஓராண்டுக்கான மொத்த வியாபாரிகளின் பற்றுச்சீட்டுகள் திணிக்கப்பட்டிருந்தன. சில மங்கிப்போயிருந்தன, சிலவற்றில் எண்ணெய் படிந்திருந்தது. பொருள் விநியோகிக்க வரும் ஒருவர், "நீங்கள் முன்னமே பதிந்திருக்க வேண்டும், அபராதம் விழப்போகிறது," என்று அச்சுறுத்திவிட்டுப் போயிருக்கிறார். அண்ணன் கையிலிருந்த மலாய்க் கையேட்டை அவரால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்ததே தவிர, விளங்கிக்கொள்ள முடியவில்லை. ஆகவே பன்னிரண்டு வயது மகள் அந்தக் கடையின் கணக்காளர் ஆகியிருந்தாள்.

சிக்கல் எங்கே இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஐந்து இலட்சம் என்பது இலாபக் கணக்கன்று, விற்பனைக் கணக்கு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,370 வெள்ளிக்கு விற்றாலே அந்த எல்லை வந்துவிடும். வரி விகிதம் சுழியமாக உள்ள அரிசியின் விற்பனையும் அதில் சேரும். சட்டம் தம்மைக் கட்டுப்படுத்துகிறதா இல்லையா என்பதை அறிவதற்கே அண்ணனுக்கு முறையான கணக்கு தேவைப்பட்டது. அவரிடம் இல்லாததும் அதுதான். தினமும் கல்லாவில் விழுந்த பணத்தை அவர் எண்ணியிருக்கிறார்; எழுதி வைத்ததில்லை.

மூவரும் அமர்ந்து இரண்டு மாலைப் பொழுதுகளில் கூட்டி முடித்தோம். ஓராண்டில் அவர் வாங்கிய சரக்கு இரண்டு இலட்சத்து எண்பதாயிரத்துச் சொச்சம். அவர் வைக்கும் இலாபத்தைத் தாராளமாகச் சேர்த்துப் பார்த்தும் விற்பனை மூன்றரை இலட்சத்தைத் தொடவில்லை. பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. அபராதமும் இல்லை. அண்ணன் நீண்ட நேரம் பேசவில்லை. மகளின் தலையை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

அன்றிரவு நான் வீட்டில் வேறொரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு வெள்ளிச் சரக்கைப் பேரங்காடியும் அண்ணனும் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வரியோடு இருவரும் கொடுப்பது 106 வெள்ளி. இருவரும் பத்து வெள்ளி இலாபம் வைக்கிறார்கள். பதிவு பெற்ற பேரங்காடி, 110 வெள்ளிக்கு 6 விழுக்காடு சேர்த்து 116 வெள்ளி 60 காசுக்கு விற்கும். தான் கட்டிய 6 வெள்ளியைக் கழித்துக்கொண்டு 60 காசை அரசாங்கத்திடம் செலுத்தும். பதியாத அண்ணனால் அந்த 6 வெள்ளியைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே 116 வெள்ளிக்கு விற்பார்.

வாங்கும் விலையும் இலாபமும் ஒன்றாக இருந்தால் அண்ணன் கடையில்தான் 60 காசு மலிவு! ஆனால் பேரங்காடியின் பற்றுச்சீட்டில் 'ஜி.எஸ்.டி. 6%' என்று அச்சாகியிருக்கிறது. நாம் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிட்டு வருகிறோம். அண்ணனின் விலைக்குள் அதே வரி ஒளிந்திருக்கிறது. அதைக் காட்டும் உரிமை அவருக்கு இல்லை. ஆகவே அவர் பேராசைக்காரராகத் தெரிகிறார். கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அதிகாரிகள் வந்து கேட்டால் எதைக் காட்டுவது என்ற அச்சம் வேறு. அந்த விதி அவரிடமிருந்து பணத்தைவிட நம்பிக்கையையே அதிகமாக எடுத்துக்கொண்டது. அதற்கு நானும் துணைபோனேன்.

விதி அதோடு நிற்கவில்லை. 2018 ஜூன் முதல் நாள் வரி விகிதம் சுழியம் ஆக்கப்பட்டது. அன்று காலையே விலை குறைய வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் எதிர்பார்த்தார்கள். அண்ணனின் அடுக்குகளில் இருந்ததோ 6 விழுக்காடு கட்டி வாங்கிய பழைய சரக்கு. பதியாதவருக்கு அந்த வரியைத் திரும்பப் பெற வழியில்லை. குறைத்து விற்றார்; இழப்பைத் தாமே ஏற்றார். அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாள் விற்பனை சேவை வரி (எஸ்.எஸ்.டி.) திரும்ப வந்தது. விற்பனை வரி உற்பத்தியாளரிடமும் இறக்குமதியாளரிடமும் விதிக்கப்படுவது; மளிகைக்கடையில் அது கண்ணுக்கே தெரியாது. நாற்பத்தொரு மாதங்களில் மூன்று மாற்றங்கள். ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் கல்லாவில் நின்றவரே.

இப்போது மின்விலைப்பட்டியல். 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களுடன் தொடங்கி, படிப்படியாகக் கீழிறங்கி வந்தது. ஆண்டு விற்பனை பத்து இலட்சம் வெள்ளிக்குக் குறைந்த வணிகர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. இது நல்ல முடிவே. ஆனால் அந்த விலக்கு தமக்கு உண்டு என்பதை ஒருவர் உறுதியாகச் சொல்ல, அவரிடம் விற்பனைக் கணக்கு இருக்க வேண்டும். மீண்டும் அதே ரொட்டித் தகரம்தான்!

வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளியும் சாலையும் மருத்துவமனையும் வரிப்பணத்தில்தான் நடக்கின்றன. எழுத்தர் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒரு விதிமாற்றம் என்பது ஒரு சுற்றறிக்கை. எழுத்தர் இல்லாத கடையில் அந்த வேலை அவ்வீட்டுப் பிள்ளையின் தலையில் விழுகிறது. விதி எழுதுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. கடை நடத்தும் பெற்றோரே, இரவில் கல்லாவை மூடும்முன் அன்றைய விற்பனையை ஒரே ஒரு வரியில் எழுதி வையுங்கள். பற்றுச்சீட்டுகளை மாதவாரியாகக் கட்டி வையுங்கள்; வருமான வரிக்கு அவற்றை ஏழாண்டுகள் பாதுகாக்க வேண்டும். பிள்ளைகள் உதவட்டும்; ஆனால் தேர்வு நெருங்கும் காலத்தில் முழுச் சுமையும் அவர்கள் மீது விழ வேண்டாம்.

ஆசிரியர்களே, விழுக்காடு கற்பிக்கும் நாளில் உண்மையான பற்றுச்சீட்டு ஒன்றை வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். நான் அவ்வாண்டிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். மேற்சொன்ன 60 காசுக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். "அப்படியென்றால் சின்னக் கடைக்காரர் பொய் சொல்லவில்லையா, சார்?" என்று எப்போதும் ஒரு பிள்ளையாவது கேட்கும்.

அண்ணனிடம் நான் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டதில்லை. கணக்கு முடிந்த அன்று சவர்க்காரத் தூளை எடுத்துக்கொண்டு, விலை கேட்காமல் பணத்தை நீட்டினேன். அவர் மீதிக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, "விலை ஏறிப்போச்சுங்க சார்," என்றார். "தெரியும், அண்ணே," என்றேன்.